புறங்கை வெண்புள்ளிக்கு மண்ணிற லோஷன் பூசலாமோ?

மல்லாவிப்பிள்ளை:
எனக்கு ரெண்டு புறங்கையிலயும் வெண்புள்ளி. வாற மாதம் தங்கச்சிக்குக் கலியாணம். லண்டன் மச்சாள், வெய்யில் படாமலே தோலை மண்ணிறமாக்கிற லோஷன் ஒண்டு அனுப்பியிருக்கிறா. வெள்ளைக்காரர் உடம்பு முழுக்கப் பூசுற சாமான். எங்கட தோலில இருக்கிற வெள்ளைக்குப் பூசலாமோ? திட்டுத்திட்டாப் பிடிச்சு இன்னும் மோசமாத் தெரியுமோ எண்டுதான் பயம். கைக்கு மருதாணியும் போடோணும்.

விசுவமடு அக்கா:
பூசலாம் பிள்ளை. நான் இதைப் பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். போத்தலில டைஹைட்ரொக்ஸிஅசெற்றோன் எண்டு இருக்கோ பாருங்கோ. அது தோலின்ர மேற்படையோட சேர்ந்து மண்ணிறமாகும். அதால நிறமி இல்லாத இடத்திலயும் பிடிக்கும்.

முதல்ல முழங்கை மடிப்பில ஒரு பொட்டளவு பூசி ஒரு நாள் விடுங்கோ. கடிச்சா, சிவந்தா, வேண்டாம்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. தேங்காயெண்ணெய்ப் பசை கிடந்தா அந்த இடம் பிடிக்காது. ஆனா கல்லால உரஞ்சாதேங்கோ. எங்களுக்குத் தோல் காயப்பட்ட இடத்தில புதுசா வெள்ளை விழலாம். மெல்லிய துவாய் காணும்.

வடிவா உலர்ந்தாப் பிறகு பஞ்சுக்குச்சியால, வெள்ளையின்ர நடுவில தொடங்கி விளிம்புக்குக் கொஞ்சம் முன்னுக்கே நிப்பாட்டுங்கோ. தாண்டினா நல்ல தோலும் கறுத்து, சுத்தி வளையம் கீறினமாதிரி நிக்கும். விரல் மொளியிலதான் கவனம் வேணும். அந்தச் சுருக்கம் லோஷனைக் கூட இழுக்கும். சுருக்கத்தில வசிலின் துளி தடவிப்போட்டு, மேலால மெல்லிசா ஒரு இழுவை. உள்ளங்கையில பட்டா உடன கழுவுங்கோ. சொண்டு, கண்மடல் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

இரவில, ஃபானுக்குக் கீழ இருந்து பூசுங்கோ. வேர்த்தா வழிஞ்சு கோடு விழும். நிறம் தெரிய ரெண்டு மூண்டு மணித்தியாலம் போகும், முழுசா வர ஒரு நாள் எடுக்கும். அவசரப்பட்டு மேல மேல பூசாமல், விடிய முற்றத்து வெளிச்சத்தில பாத்து, காணாட்டி இன்னொரு பூச்சு. எங்கட நிறத்துக்கு ஒண்டு காணாது. சட்டிபானை கழுவுற கையில கெதியா மங்கும். அதால கலியாணத்துக்கு ரெண்டு நாள் முன்னம் தொடங்குங்கோ. அதுக்கு முதல் ஒருக்கா முழுசாச் செய்தும் பாருங்கோ.

நிறம் வந்திட்டுது எண்டு வெறுங்கையோட வயலுக்கு இறங்காதேங்கோ பிள்ளை! இந்த நிறம் வெய்யிலைத் தடுக்காது, உள்ளுக்குள்ள இருக்கிறது அதே வெள்ளைத் தோல்தான், சுட்டுப்போடும். எஸ்பிஎஃப் 30 சன்கிறீமும் நீளக்கைச் சட்டையும் வேணும்.

பாமசித் தம்பி, வவுனியா:
அக்கா சொன்னது சரி. ஒண்டு சேர்க்கிறன். தோலை மண்ணிறமாக்கக் குளிசையும் விக்கிறாங்கள், காந்தாக்சாந்தின் எண்டு. அது விழித்திரையில படியும், தொடாதேங்கோ. கிளினிக்கில ஒளிச்சிகிச்சை எடுக்கிறீங்கள் எண்டா லோஷன் பூசுறதை டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

இந்த லோஷன் சாமான் வெண்புள்ளிக்காரருக்குப் புதுசும் இல்லை. 1950களில அமெரிக்காவில, சின்சினாட்டியில, ஈவா விட்கென்ஸ்டைன் எண்டவ பிள்ளைகளுக்கு மருந்தா வாயால குடுத்த இதே டைஹைட்ரொக்ஸிஅசெற்றோன் தோலில சிந்தின இடம் மண்ணிறமானதைக் கண்டுதான் இதை ஆராய்ஞ்சவ. வெண்புள்ளியில பூசியும் பாத்தவ.

மல்லாவிப்பிள்ளை:
பெரிய உதவி அக்கா, தம்பி. அப்ப மருதாணி?

விசுவமடு அக்கா:
வீட்டில அரைச்சது போடுங்கோ. கறுப்புக் கோன் வேண்டவே வேண்டாம். அதில பிபிடி எண்ட கறுப்புச் சாய இரசாயனம் கலந்திருந்தா கொப்புளம் போட்டு, அந்த இடமும் வெளுக்கலாம். மருதாணியை உள்ளங்கையோட விடுங்கோ, புறங்கை லோஷனுக்கு.