ஐந்தோவனில் சைக்கிளில் வேலைக்குப் போக மழை புகாத பெரிய பை எது? அவசரம்

புதுவரவு_ஐந்தோவன்:
எல்லோருக்கும் வணக்கம். நெதர்லாந்துக்கு வந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நேற்று மாலை ஆபீஸிலிருந்து வரும்போது விடாத மழை. வீட்டில் முதுகுப் பையைத் திறந்தால் உள்ளே எல்லாம் ஈரம், ஆபீஸ் லேப்டாப்பின் ஓரத்திலும் தண்ணீர். ஆன் செய்யவே பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை போயாக வேண்டும். இதைவிடப் பெரிதாக, மழை புகாத பை எது வாங்கலாம்? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

கோவைக்காரன்:
முதலில் லேப்டாப். ஆன் செய்யாதீர்கள், சார்ஜரும் போடாதீர்கள். துடைத்துவிட்டுத் திறந்தபடி கவிழ்த்து வையுங்கள். திங்களன்று ஐடி பிரிவில் உள்ளபடி சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல.

உட்ரெக்ட்_அக்கா:
பை இருக்கட்டும், மழைக்கோட்டும் மழை பேண்ட்டும் வாங்கினீர்களா? நான் வந்த புதிதில் ஈரச் சாக்ஸோடு நாள் முழுக்க உட்கார்ந்து காய்ச்சலில் படுத்தேன். அப்போது சொந்த வீடும் கிடைக்கவில்லை, தெரிந்தவர் வீட்டு ஹாலில் தங்கியிருந்தோம். துணி காயப்போட இடம் கிடையாது. கிளம்பும் முன் பாய்ன்ராடார் (மழை எப்போது வரும் என்று காட்டும் டச்சு ஆப்) பாருங்கள். பல நாள் கால் மணி நேரம் பொறுத்துக் கிளம்பினாலே நனையாமல் போய்விடலாம்.

சக்கரம்_சுழலும்:
முதுகில் எதற்குச் சுமை? கேரியரில் மாட்டும் பக்கப் பை வாங்குங்கள். ஆர்ட்லீப் கம்பெனிப் பை மாதிரி வாயைச் சுருட்டி மூடும் பை என்றால் எந்த மழையானாலும் கவலையில்லை, முதுகும் வியர்க்காது. கேரியர் கம்பியின் தடிமனை மட்டும் அளந்துகொண்டு போங்கள். சில டச்சு சைக்கிள்களில் கம்பி பருமன், கொக்கி நுழையாது.

ரயில்_பயணி:
இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். செங்கல் பாவிய தெருக்களில் கேரியர் அதிர்கிற அதிர்வு லேப்டாப்புக்கு நல்லதா? பெரிய பக்கப் பை குதிகாலிலும் இடிக்கும். முதுகுப் பைதான் சரி.

சக்கரம்_சுழலும்:
உறை போட்டு வைத்தால் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது. பல வருடமாக அப்படித்தான் கொண்டுபோகிறேன்.

யாழ்_மைந்தன்:
தம்பி, நாங்கள் எண்பதுகளின் கடைசியில் வந்து இறங்கினபோது இந்தப் பை ஒன்றும் இல்லை. குப்பை போடுகிற கறுப்புப் பொலித்தீன் பையை இரண்டாகப் போட்டு, அதற்குள் உடுப்பையும் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு விடிய முன்னம் வேலைக்கு வெளிக்கிடுவோம். ஒரு சொட்டும் நனையாது. பை வாங்கும் வரைக்கும் நீரும் அதைச் செய்யும்.

தஞ்சை_டெல்டா:
மழையைக்கூடத் தாங்கலாம், இந்த எதிர்க்காற்றை என்ன செய்வது? போகும்போதும் எதிரே, வரும்போதும் எதிரே. டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு. சென்னையில் ஆண்டுக்கு 1400 மி.மீ. பெய்கிறது, இங்கே சுமார் 850 தான். ஆனால் அங்கே சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும், இங்கே வருடம் முழுக்கத் தூறல்.

உட்ரெக்ட்_அக்கா:
வாடகையைச் சொல்லாமல் விட்டீர்களே!

மழைநாள்:
அவர் திங்கட்கிழமைக்குக் கேட்கிறார். புதுவரவு, எத்தனை கிலோமீட்டர்? லேப்டாப் என்ன அளவு? இப்போதுள்ள பை எப்படிப்பட்டது? சைக்கிளில் கேரியர் இருக்கிறதா?

புதுவரவு_ஐந்தோவன்:
ஒரு வழி 9 கிலோமீட்டர். 15.6 அங்குல லேப்டாப், மாற்றுச் சட்டை, சாப்பாட்டு டப்பா. பைக்கு மேலே மழை உறை போட்டிருந்தேன். கேரியரில் மகளின் சீட் பொருத்தியிருக்கிறது. காலையில் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் ஆபீஸ்.

மழைநாள்:
அப்படியென்றால் பக்கப் பை உங்களுக்கு ஒத்துவராது, குழந்தையின் கால் அங்கேதான் வரும். பெரிய பையை முதுகில் மாட்டினாலும் அவள் முகத்தில் இடிக்கும். முன்பக்கம் ஒரு கேரியரும் பெட்டியும் பொருத்துங்கள். பள்ளிவரை பை அதில் இருக்கட்டும், அப்புறம் முதுகில் மாட்டிக்கொள்ளலாம்.

மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது. முதுகில் வழியும் தண்ணீர் தோள்பட்டை வழியாகத் தையலுக்குள் இறங்கும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் ஜிப்பும் உறையும் வைத்த பை வேண்டாம். வாயைச் சுருட்டி மூடும் பையாக, துணியைத் தைக்காமல் சூட்டில் ஒட்டியதாகப் பாருங்கள். குறைந்தது மூன்று சுற்று சுருட்டினால்தான் தண்ணீர் நிற்கும், அதில் இடம் குறையும். உங்கள் சாமானுக்கு 25 லிட்டர் நெருக்கும், 30 எடுங்கள். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபிஎக்ஸ் எண் போட்டிருந்தால், 4 தெறிக்கும் தண்ணீருக்கு, 6 பலமாகப் பீய்ச்சும் தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், இதற்கு அவ்வளவு தேவையில்லை.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் உள்ளே போகாத பையிலிருந்து வெளியேயும் போகாது. நனைந்த கோட்டை உள்ளே திணித்தாலோ சாம்பார் டப்பா கசிந்தாலோ எல்லாம் லேப்டாப்பிடம்தான் தேங்கும். டப்பாவைத் தனிப் பையில் கட்டுங்கள், லேப்டாப்பை உறையில் போட்டு அடியைத் தொடாமல் வையுங்கள். வாங்கியதும் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, சுருட்டி மூடி, ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் வையுங்கள். பேப்பர் நனைந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

திங்களன்று வேலைக்கு யாழ்_மைந்தன் சொன்ன பொலித்தீன் பை போதும். ஹெச்ஆரிடம் பயணப்படியும் கேளுங்கள். 2024 முதல் கிலோமீட்டருக்கு 0.23 யூரோ வரை வரியில்லாமல் கொடுக்கலாம், சைக்கிளுக்கும் அது பொருந்தும். உங்கள் தூரத்துக்கு ஒரு நாளைக்கு 4 யூரோவுக்கு மேல் வரும்.

புதுவரவு_ஐந்தோவன்:
மிக்க நன்றி. நாளை கடைக்குப் போகிறேன். முன் கேரியர் எல்லா சைக்கிளுக்கும் பொருந்துமா?

சக்கரம்_சுழலும்:
எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சைக்கிளையே கடைக்கு ஓட்டிப் போய் அங்கேயே மாட்டச் சொல்லுங்கள். ஹேண்டிலோடு திரும்பாமல் சட்டத்தில் பொருத்துகிற வகையாகக் கேளுங்கள், மகள் பின்னால் இருக்கும்போது அதுதான் ஆடாது. முன் விளக்கைப் பெட்டி மறைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.