டம்ளரில் ஒட்டிய பிளாஸ்திரி

நர்சிங் முதல் வருடத்தில் பாதி நேரம் எண்ணுவதிலேயே போய்விடும். நாடி, மூச்சு, பிரஷர், உள்ளே போன தண்ணீர், வெளியே வந்த சிறுநீர் எல்லாவற்றுக்கும் சார்ட் உண்டு. மதுரைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் எனக்கு வார்டு போஸ்டிங். அங்கே நான் அதிகம் சிரித்ததெல்லாம் இந்தக் கணக்குகளால்தான்.

முதலில் மூச்சு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்த்த கையை எடுக்காமல் கண்ணை மட்டும் நெஞ்சுப் பக்கம் திருப்பச் சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் வார்டில் இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரிடம் இது பலிக்கவில்லை. “நாடி முடிஞ்சு மூச்சுக்கு வந்துட்டியா தாயி? எண்ணிக்க, எண்ணிக்க” என்று மிலிட்டரிக்காரர் மாதிரி ஒரே சீராக இழுத்து விட ஆரம்பித்துவிடுவார். கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழி கிடைத்தது. பேப்பர் படித்தபடியே கண் அசந்துவிடுவார். விரித்த பேப்பர் வயிற்றின் மேல் ஏறி இறங்கும். பக்கத்துக் கட்டில் அருகே நின்று ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 18. எழுந்ததும், “எத்தனை போட்ட?” என்றார். சொன்னேன். “பாஸ்” என்று தலையை ஆட்டினார்.

டம்ளர் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இதய நோயாளியான ஓர் அம்மாச்சிக்கு டாக்டர் தண்ணீரை அளவாகத்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார். குடிக்கிற காபி, கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். மருமகளிடம் கேட்டால், “காலையில இருந்து மூணு டம்ளர் சிஸ்டர்” என்பார். எந்த டம்ளர்? வீட்டிலிருந்து வந்தவை நான்கு, நான்கும் நான்கு அளவு. பேர் வெட்டிய பெரிய எவர்சில்வர் டம்ளரைத்தான் அம்மாச்சி கேட்பார். அது கல்யாணச் சீராக வந்ததாம். நானும் என் தோழியும் அளவு ஜாடியில் தண்ணீர் எடுத்து ஒவ்வொன்றிலும் ஊற்றிப் பார்த்தோம். பெரியது விளிம்பு வரை 250 மில்லி. வெளிப்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி, 100, 150 என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தோம்.

அப்புறம் நடந்ததுதான் அழகு. ஆறாவது படிக்கும் பேரன் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டான். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், “காலை 7, கஞ்சி 150. மாத்திரைத் தண்ணி 50. 8.30, பாட்டி திருட்டுத்தனமா ஒரு வாய்” என்று வரிசையாக எழுதி வைத்திருந்தான். அந்த ஒரு வாயை எவ்வளவு என்று போடுவது? அம்மாச்சியையே இன்னொரு தரம் அதே மாதிரி குடித்துக் காட்டச் சொல்லலாம் என்றான். “இவன் சொல்றதுதான் சரி” என்று அம்மாச்சி உடனே டம்ளரை நீட்டினார்! தாகம் எவ்வளவு இருந்திருந்தால் அப்படி நீட்டியிருப்பார். வாயைக் கொப்பளித்துத் துப்ப மட்டும் கொஞ்சம் கொடுத்தோம். அன்று எங்கள் வார்டிலேயே துல்லியமான சார்ட் அவருடையதுதான். வார்டு சிஸ்டர் அந்தக் காலண்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேரனைத் தட்டிக் கொடுத்தார்.

கம்யூனிட்டி போஸ்டிங்கில் கிராமத்துக்குப் போனால் பிரஷர்தான். ஒரு வீட்டுத் திண்ணையில் பேப்பரை விரித்து, அதன் மேல் பையை வைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவி முடிப்பதற்குள் தெருவே கூடிவிடும். அளக்கும்போது பேசினால் அளவு ஏறிவிடும், அதனால் வாய் திறக்கக் கூடாது. ஆனால் எந்த ஊர் அத்தை வாயை மூடிக்கொண்டு கையை நீட்டியிருக்கிறார்? 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் விளக்கிச் சொன்ன அந்த ‘டப் டப்’ சத்தத்துக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, ஸ்டெதஸ்கோப் வழியாக என் கல்யாணப் பேச்சுதான் கேட்கும். “எந்த ஊரு? அண்ணன் தம்பி எத்தனை பேரு? எங்க அக்கா மகன் ஒருத்தன் இருக்கான்...”

சரி அத்தை, முதலில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள், அப்புறம் பார்க்கிறேன் என்பேன். உட்காருவார். அவருக்குப் பதில் பின்னால் நிற்கிற பெரியம்மா விட்ட இடத்திலிருந்து கேட்கத் தொடங்குவார்.