குவைத் அண்ணனுக்குப் பதில்: நான் தின்றது டிராகன் பழம் இல்லை

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நம்ம ஊர்ச் சங்கக் குழுவில் நான் போட்ட முள் பழத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டுக் குவைத் அண்ணன், "இது டிராகன் பழம்தானே தம்பி, மதுரையிலேயே இப்ப கிடைக்குதே" என்று கேட்டிருந்தார். சிங்கப்பூர் மச்சான் அதோடு விடாமல், 2021ல் குஜராத்தில் அந்தப் பழத்துக்குக் 'கமலம்' என்று பேர் மாற்றிய செய்தியையும் சேர்த்துப் போட்டுவிட்டார். ரெண்டு பேருக்கும் நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது டிராகன் பழம் இல்லை அண்ணே. டிராகன் பழம் கொடி மாதிரிப் படரும் கள்ளியில் காய்ப்பது, தோலில் செதில்தான் இருக்கும். நான் தின்றது பித்தாயா. அந்தக் கள்ளிக்கு மரம் மாதிரி அடித்தண்டு உண்டு. அதிலிருந்து பத்து, இருபது கிளைகள் நேராக மேலே எழும்பி, மூன்று ஆள் உயரத்துக்கு நிற்கும். பழம் பெரிய கோழிமுட்டை அளவு இருக்கும், உடம்பெல்லாம் முள். ஆனால் பழுத்துவிட்டால் முள் இளகிவிடும், கத்தியால் லேசாகத் தள்ளினாலே கொத்துக் கொத்தாக உதிர்ந்துவிடும். உள்ளே சிவப்பு, ஊதா, மஞ்சள், வெள்ளை என்று மரத்துக்கு ஒரு நிறம். டிராகன் பழத்தைத் தின்றுவிட்டு 'இதுக்கா இவ்வளவு காசு' என்று நினைத்தவர்கள் இதை ஒரு தடவை தின்ன வேண்டும். இதற்கு நல்ல வாசனை உண்டு, இனிப்பும் நிஜமான இனிப்பு.

நான் இருப்பது மெக்சிகோவில், குவாதலஹாராவில். இங்கே ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் தொடக்கம் வரைக்கும் இந்தப் பழம் வரும். நகரத்துக்குள் 'ஒன்பது முனை' என்று ஒரு பழைய பேட்டை. சீசனில் அங்கே கூடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். கூடைக்குள் பச்சைக் குதிரைமசால் புல்லைப் பரப்பி அதன்மேல் பழத்தை அடுக்கியிருப்பார்கள், நசுங்காமலும் வாடாமலும் இருக்க. எடை போடுவது கிடையாது, எண்ணித்தான் விற்பார்கள். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோதுதான் தெச்சலூத்தா என்ற ஊர்ப் பேர் காதில் விழுந்தது. மே மாதம் அங்கே பித்தாயா திருவிழா என்றார்கள். சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வருவோம் என்று வீட்டோடு கிளம்பினோம்.

தெற்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் சயூலா ஏரி. பேர்தான் ஏரி. மே மாதத்தில் பார்த்தால் சித்திரையில் நம்ம கண்மாய் எப்படிக் கிடக்குமோ அப்படியே வெள்ளையாக, உப்புப் பூத்து, காற்றடித்தால் புழுதி எழும்பிக் கிடந்தது. அதன் ஓரத்தில் நின்ற மரத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரி, "இங்கேயும் சீமைக்கருவேலமா!" என்றாள். அதற்கு அண்ணன் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஸ்கீட் என்கிறார்கள், அதே சாதி. நம் பக்கத்தைப் பிடித்து ஆட்டுகிற சீமைக்கருவேலம் இந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்துதானே வந்தது. இங்கே அது பாட்டுக்கு நாலு ஆட்டுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு அடக்கமாக நிற்கிறது.

ஊர் நம்மூரைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தேவாலயத்துக்கு முன்னால் திடல், அதைச் சுற்றிக் கடைகள். பித்தாயா ஐஸ், பித்தாயா ஜூஸ், ஜாம், ஒரு மாதிரி இனிப்புச் சாராயம், எல்லாம் உண்டு. ஒரு பக்கம் பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் அரை மணி நேரம் அலைந்தோம், வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் சின்னவன் முதல் பழத்தை வாயில் போட்டதும் ஆறு பழம் முடிகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் கக்கூசிலிருந்து "அப்பா, ரத்தம்!" என்று ஒரு கூப்பாடு. சிவப்புப் பழம் தின்றால் சிறுநீரும் சிவக்கும் என்று கடைக்காரம்மா முந்தின நாளே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்ததால் தப்பித்தேன்.

நான் அதிக நேரம் நின்றது அந்தக் கடைக்காரம்மாவிடம்தான். அறுபது வயதிருக்கும். என் ஸ்பானிஷ் தட்டுத்தடுமாறும், அந்த அம்மா பொறுமையாகப் பேசினார். விடிவதற்கு முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். கையில் நீளமான நாணல் கழி, நுனியில் பழத்தைக் கவ்வுகிற மாதிரி ஒரு அமைப்பு. நம்ம தொரட்டியே தான், அறுப்பதற்குப் பதில் பிடித்துத் திருகி இறக்குகிறது. வெயில் ஏறினால் பழம் சூடாகிச் சீக்கிரம் கெடும், பறவைகளும் முந்திக்கொள்ளும். காலை ஏழு மணிக்குள் முள் நீக்கிக் கூடையில் அடுக்கியாக வேண்டும். பூவும் ராத்திரியில்தான் விரியும். வௌவால் வந்து தேன் குடித்துவிட்டுப் போனால்தான் நல்ல காய்ப்பு. பகலில் இந்தக் கள்ளி இலைத்துளை மாதிரியான தன் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரிதான் மூச்சு விடுகிறது. அதனால்தான் வருஷத்திலேயே காய்ந்த மாதத்தில், மற்றதெல்லாம் கருகிக் கிடக்கும்போது, இது மட்டும் சாறாகப் பழுத்துத் தொங்குகிறது. ஜூனில் மழை வந்துவிட்டால் சீசன் முடிந்தது.

பறித்தால் ஒரு நாள், மிஞ்சினால் ரெண்டு நாள். அப்புறம் தோல் வெடித்துப் புளித்துவிடும். "வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லையா?" என்று கேட்டேன். நாம் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே. அந்த அம்மா கையை விரித்தார். தம்பி கலிபோர்னியாவில் இருக்கிறானாம், இருபது வருஷமாக. ஜாம் அனுப்பினால் "இது ஜாம்தானே அக்கா" என்பானாம். "பழம் போகாது. வேண்டுமானால் அவன்தான் வரணும்" என்றார். அந்த வருஷம் வந்திருந்தான். கூட்டத்தில் கௌபாய் தொப்பி, புதுச் சட்டை, கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவரைக் காட்டினார். பழம் வாங்க வந்த பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்: ஊர்க்காரர்கள் மாதிரியும் விருந்தாளி மாதிரியும். கோயில் கொடை அன்றைக்கு நாம் ஊருக்குள் நடப்போமே, அதே நடை.

இந்த ஹலிஸ்கோ மாநிலத்தில் பல ஊர்த் திருவிழாக்களில் ஒரு நாளையே 'இல்லாத பிள்ளைகளின் நாள்' என்று ஒதுக்கியிருக்கிறார்கள். வேலைக்கு வெளியே போன பிள்ளைகள் என்று அர்த்தம். அன்றைக்கு அவர்கள் செலவில் ஊர்வலம், பூசை, சாப்பாடு. நம்ம சங்கத்துப் பொருளாளருக்கு ஒரு தகவல்: வெளிநாட்டுச் சங்கங்கள் ஊருக்கு ஒரு டாலர் கொடுத்தால் மத்திய அரசு, மாநிலம், ஊராட்சி மூன்றும் ஆளுக்கு ஒரு டாலர் போடுகிற திட்டம் இங்கே 2002 முதல் பல வருஷம் ஓடியது. நம்ம சங்கக் கணக்கை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டேன்.

அண்ணன் கேட்டதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது, நம்ம கண்மாய்க்கரைக் கள்ளிப்பழம் இதுக்குச் சொந்தமா என்று. தூரத்துச் சொந்தம். சப்பாத்திக்கள்ளியும் இந்தக் கண்டத்துச் செடிதான். மெக்சிகோ கொடியில் கழுகு உட்கார்ந்திருப்பது அந்த வகைக் கள்ளிமேல்தான். அதில் வாழும் ஒரு பூச்சியை நசுக்கினால் வருகிற சிவப்புச் சாயத்தை விற்றே ஸ்பெயின்காரன் சம்பாதித்தான், வெள்ளிக்கு அடுத்த வருமானம் அது. கிழக்கிந்தியக் கும்பெனிக்காரனுக்கும் ஆசை வந்தது. 1780களின் கடைசியில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற டாக்டர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த பூச்சியோ வேறு ஜாதி. சாயம் மட்டம், வேறொரு வகைக் கள்ளியை மட்டும் நன்றாகத் தின்றது.

தெற்கே பெருகிக்கிடந்த நம்ம சப்பாத்திக்கள்ளியை அது தொடவில்லை. அதற்கு 1926ல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷத்தில் காடு காடாகக் கிடந்த கள்ளி கருகி விழுந்தது. "வெள்ளப் பஞ்சு மாதிரி ஒட்டும், நசுக்குனா ரத்தம்" என்று எங்க அப்பத்தா சொன்னது இதைத்தான் என்று இங்கே வந்துதான் புரிந்தது.

தப்பிப் பிழைத்ததைத்தான் நாம் தின்றோம். பனையோலைத் துண்டால் பிடித்து மண்ணில் புரட்டி முள்ளை எடுத்து, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளையும் தோண்டிப் போட்டுவிட்டு, நாக்கும் சட்டையும் ஊதாவாகிப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினோம். அதற்குத் திருவிழா எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கொடைக்கு வரி பிரிக்கவே நாக்குத் தள்ளுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண்மாய்க்கரையைச் சுத்தம் பண்ண ஜேசிபி விடுவதாகச் சங்கத்தில் பேச்சு ஓடுகிறதே, அந்த மேலமடைப் பக்கத்துக் கள்ளிப்புதர் இன்னும் இருக்கிறதா? மதுரை அத்தை வைகாசிக்கு ஊருக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். முடிந்தால் ஒரு நடை போய் ஒரு போட்டோ அனுப்புங்கள். இருந்தால் ஜேசிபிக்காரரிடம் அந்த நாலு அடியை விட்டுவிடச் சொல்லுங்கள். சின்னவனுக்கு ஊதா நாக்கு பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
மெக்சிகோவிலிருந்து உங்கள் தம்பி