ஆடிக் கூழும் ஒடியல் கூழும்: ஊத்தங்கரைத் தெருக் குழுவில் ஒரு மாலை

ஆசிரியர் ஐயா: அனைவருக்கும் வணக்கம். ஆடி மூன்றாம் ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதென்று முடிவாகியிருக்கிறது. நம் தெருவில் பாதிப்பேர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதால், சென்ற ஆண்டு பலர் சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிப்பதா வேண்டாமா என்று தயங்கி நின்றார்கள். இம்முறை முன்கூட்டியே பேசிவிடலாம்.

மாடி வீட்டு மாமா: இதில் பேச என்ன இருக்கிறது ஐயா? கேழ்வரகு சர்க்கரையைக் குறைக்கும் தானியம். நம் பாட்டன்மார் மூன்று வேளையும் களி தின்றே வாழ்ந்தார்கள். அன்று ஒரு நாள் மாத்திரையை விட்டுவிட்டு இரண்டு சொம்பு குடித்தால் ஒன்றும் ஆகாது.

சுகாதாரத் தன்னார்வலர் அக்கா: மாமா, மாத்திரையை விடலாம் என்று தயவுசெய்து இங்கே எழுதாதீர்கள், படிப்பவர்கள் அப்படியே செய்துவிடுவார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியதே, மாத்திரை இடைவிடாமல் வீடு தேடி வர வேண்டும் என்பதற்காகத்தான்.

கேழ்வரகு நல்ல தானியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தீட்டிய அரிசியைவிட அதில் நார்ச்சத்து பல மடங்கு அதிகம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது. ஆனால் அதே 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பாட்டன்மார் களியைக் கொள்ளுக் குழம்போடும் கீரைக் கடைசலோடும் தின்றுவிட்டு, பொழுது சாயும்வரை ஏரோட்டினார்கள். நாம் நைசாக அரைத்த மாவில் அரிசி நொய்யைச் சேர்த்துக் குழையக் காய்ச்சி, மெல்லாமல் மடக் மடக்கென்று குடிக்கிறோம். அப்படிக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும்.

நெடுந்தீவு அக்கா: அக்கா சொல்வது எங்கள் வீட்டிலும் பொருந்தும். நான் இங்கே இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவள் என்றாலும், அடுப்பங்கரையில் அம்மாவின் ஊரான யாழ்ப்பாணத்து நெடுந்தீவுதான் இன்னும் இருக்கிறது. பவளப் பாறை மண்ணில் நெல் அதிகம் விளையாது. பனையும் கடலும்தான் சோறு போட்டன. எங்களுக்கும் ஆடிப்பிறப்பன்று கூழ் உண்டு. ஆனால் அது அரிசி மாவு, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்த இனிப்புக் கூழ் என்பதால் சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் தரமாட்டேன். அதற்குப் பதிலாக, அன்று மாலை என் வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சித் தரலாம் என்று நினைக்கிறேன். மீன் சேர்வது என்பதால் கோவிலுக்குக் கொண்டுவர மாட்டேன்.

கல்லூரித் தம்பி: ஒடியல் என்றால் பனங்கிழங்கா அக்கா? தைப்பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்பதா?

நெடுந்தீவு அக்கா: அதே கிழங்குதான் தம்பி. அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல். அவிக்காமல் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். பொங்கலுக்கு இங்கே வாங்கிய கிழங்கையே காயவைத்து, இடித்து, மாவாக வைத்திருக்கிறேன். மாவில் கசப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்து நிற்கும் நீரைச் சாய்த்துக் கொட்டி, மறுபடி நீர் விட வேண்டும். இதில் அவசரப்படுபவர் வீட்டுக் கூழை வாயில் வைக்க முடியாது.

பிறகு பெரிய பானையில் நண்டு, இறால், முள் குறைந்த மீன் துண்டுகள், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, ஒரு பிடி அரிசி எல்லாம் வேக வேண்டும். அணை மீனில் முள் அதிகம் என்பதால் அது கூழுக்கு ஆகாது. ஐஸ் பெட்டியில் வரும் கடல் மீனையே வாங்குகிறோம். வெந்தபின் செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்) அரைத்த கூட்டும், மஞ்சளும், புளிக்கரைசலும் விட்டு, கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, முருங்கை இலை தூவி இறக்குவோம். பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றி, எல்லோரும் முற்றத்தில் சுற்றி உட்கார்ந்து குடிப்பது வழக்கம்.

மாடி வீட்டு மாமா: மரவள்ளிக்கு இங்கே பஞ்சமே இல்லை அம்மா; என் தோட்டத்திலிருந்து அரை மூட்டை அனுப்பிவைக்கிறேன்.

நெடுந்தீவு அக்கா: ஐயா, இரண்டு கிழங்கு போதும். அம்மாவுக்குச் சர்க்கரை வந்தபின் நான் கூழை விடவில்லை. பானைக்குள் போவதை மட்டும் மாற்றினேன். அரிசியை எடுத்துவிட்டு, மரவள்ளியைக் குறைத்து, பயற்றங்காயையும் முருங்கை இலையையும் இரண்டு பங்காக்கினேன். மீனும் நண்டும் அப்படியே இருக்கின்றன. அம்மா ருசியில் குறை சொல்லவில்லை, காரம் போதவில்லை என்று மட்டும் சொன்னார்.

சுகாதாரத் தன்னார்வலர் அக்கா: மிகச் சரியான மாற்றம். மாவுச்சத்து குறைந்து, காயும் புரதமும் கூடும்போது சர்க்கரை மெதுவாகவே ஏறும். ஆனாலும் அதுவே அன்றைய இரவுச் சாப்பாடாக இருக்கட்டும். கூழைக் குடித்துவிட்டு மேலே சோறும் தின்றால் பயனில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் ஐயா: அப்படியானால் கோவில் கூழுக்கும் இதையே செய்யலாமே. நொய்யைக் குறைத்து, மாவைச் சற்றுக் கொரகொரப்பாக அரைத்து, கெட்டி மோரும் சின்ன வெங்காயமும் தாராளமாகச் சேர்க்கச் சொல்கிறேன். பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் 2023இல் ரேஷன் கடையிலேயே அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நம் ஊரில் விளைவதை ஆளாளுக்கு ஒரு படி கொடுத்தாலே பானை நிறைந்துவிடும்.

சுகாதாரத் தன்னார்வலர் அக்கா: ஒரு சிறிய டம்ளர் போதும் ஐயா, சொம்பு வேண்டாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூசை முடிய மதியமாகிவிடுகிறது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, கூழ் வரும்வரை வெறும் வயிற்றோடு காத்திருப்பது ஆபத்து. வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

மாடி வீட்டு மாமா: விரதத்தில் கை வைக்கிறாய் அம்மா. சரி, அம்மன் மன்னிப்பாள்; காலையில் இரண்டு இட்லி தின்றுவிட்டே வருகிறேன். மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன்.

நெடுந்தீவு அக்கா: மாலைக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்; மாவை ஊறவைக்க வேண்டும். நண்டு ஒவ்வாதவர்கள் இருந்தால் தனிப் பானை வைக்கிறேன்.

கல்லூரித் தம்பி: எங்கள் வீட்டில் நான்கு பேர் அக்கா. பனையோலை நான் வெட்டிக்கொண்டு வருகிறேன். பிளா மடிக்கக் கற்றுக்கொடுங்கள்.