மறு: பேப்பர் மாடல் தாளில் இருக்கும் அந்தத் தட்டை உருவத்துக்குத் தமிழில் என்ன? என் ஓட்டு 'விரியுரு'

நண்பர்களுக்கு வணக்கம்.

பேப்பர் மாடலுக்கு, அதாவது தாளை வெட்டி மடித்து ஒட்டிச் செய்யும் உருவங்களுக்கு, சொல் தேடும் நம் இழை நீண்டுகொண்டே போகிறது, ஆளுக்கொரு சொல்லாகப் பட்டியலும் வளர்கிறது. ஆனால் எந்தப் பொருளுக்குச் சொல் தேடுகிறோம் என்பதிலேயே நாம் ஒத்துப்போகவில்லை என்று எனக்குப் படுகிறது. ஒருவர் ஒட்டி முடித்து அலமாரியில் வைத்த கப்பலை மனதில் வைத்துச் சொல் தருகிறார். இன்னொருவர் பிரின்டரிலிருந்து வந்த ஏ4 தாளை நினைக்கிறார். மூன்றாமவர் அந்தத் தாளில் கோடும் வண்ணமுமாக விரிந்து கிடக்கிற, வெட்டி மடித்தால் கப்பலின் ஒரு பகுதியாக எழுந்து நிற்கப்போகிற அந்தத் தட்டை வடிவத்தைச் சொல்கிறார். இது மூன்று பொருள், மூன்று பெயர் வேண்டும். ஒரே சொல்லை மூன்றின் மேலும் ஏற்றப் பார்ப்பதால்தான் இத்தனை மடலாகியும் முடிவு வரவில்லை.

> காகித மாதிரி என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியுமே?

ஐயா, புரியும்தான், ஆனால் வேறு மாதிரி புரியும்! 'இந்தக் கப்பல் காகித மாதிரி' என்று எழுதினால், கப்பல் காகிதத்தைப் போல இருக்கிறது என்று படிக்கிறவர்தான் அதிகம் இருப்பார்கள். மாதிரி வினாத்தாள், மாதிரிப் பள்ளி, அது மாதிரி, ஒரு மாதிரியான ஆள் என்று அந்தச் சொல் ஏற்கெனவே தலைக்கு மேல் சுமக்கிறது. முடித்த பொருளுக்கு இங்கே முன்பு வந்த 'சிற்றுரு' எனக்குப் பிடித்திருக்கிறது. காகிதச் சிற்றுரு, கப்பல் சிற்றுரு, கோயில் சிற்றுரு என்று எதோடும் ஒட்டிக்கொள்கிறது. பூச்சியை இருபது மடங்கு பெரிதாக்கிச் செய்தால் அது எப்படிச் சிற்றுரு ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படிச் செய்கிறவர் பேருரு என்று சொல்லிக்கொள்ளட்டும், அந்த ஒருவருக்காக நாம் எல்லாரும் வேறு சொல் தேட வேண்டியதில்லை.

பொழுதுபோக்கின் பெயரில் எனக்குச் சண்டையில்லை. பேப்பர் கிராஃப்ட், பேப்பர் மாடல், எது வாயில் வருகிறதோ அது இருக்கட்டும். ஜப்பான்காரர்கள் ஆங்கிலத்தின் பேப்பர் கிராஃப்டை எடுத்து 'பெபாகுரா' என்று நறுக்கித் தங்கள் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள், கணினியில் உள்ள கன உருவைத் தட்டையாக விரித்துத் தருவதற்கு நம்மில் பலர் பயன்படுத்தும் தமா சாஃப்ட்வேர் நிறுவனத்தின் பெபாகுரா டிசைனர் நிரலுக்குப் பெயரும் அதிலிருந்துதான். கடன் வாங்கியதால் அவர்கள் மொழி ஒன்றும் இளைத்துப்போகவில்லை. ஆனால் செய்முறைக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு வரியிலும் அந்தத் தட்டை உருவம் வருகிறது, அதற்குப் பெயர் இல்லாமல் 'அந்தப் படம்', 'வெட்ட வேண்டிய பகுதி', 'பாகம் 14இன் தாள்' என்று சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மற்றவர்கள் எதைப் பிடித்துப் பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். போலந்தில் இது பெரிய மரபு, 'மாவி மொடெலாஷ்' என்ற இதழ் 1957இல் தொடங்கி, விமானமும் கப்பலும் தாளாகவே வீடுவீடாகப் போயின. அங்கே பேச்சுவழக்கில் விச்சினான்கா என்பார்கள், வெட்டி எடுப்பது என்று பொருள். கிராமத்துக் காகித வெட்டுக் கலைக்கும் அதே பெயர்தான், யாரும் குழம்புவதில்லை. செக் மொழியிலும் கத்தரிப்பதை வைத்தே விஸ்த்ரிஹோவாங்கா. அங்கே ஏபிசி என்ற சிறுவர் இதழில் கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் விஷ்கோவ்ஸ்கி வரைந்த கோட்டைகளையும் அரண்மனைகளையும் ஒட்டி வளர்ந்த தலைமுறைகள் உண்டு. ஜெர்மானியர்கள் தாளைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களுக்கு அது போகன், அதாவது முழுத்தாள். எஸ்லிங்கனில் 1831இல் தொடங்கிய ஷ்ரைபர் பதிப்பகத்தின் தாள்கள் இன்றைக்கும் ஷ்ரைபர் போகன்தான். ஜப்பானியர் மட்டும் வடிவத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள்: தென்காய்ஸு, விரித்த வரைபடம். (நம் காதில் தேங்காய் என்று விழுந்தால் நான் பொறுப்பில்லை.)

நமக்கு இப்போது வேண்டியது அந்தக் கடைசி வகைதான். கையால் செய்வதை வைத்துப் பெயரிட்டால் போலந்துக்காரர் போல முழுப் பொழுதுபோக்குக்கும் அது போய் ஒட்டிக்கொள்ளும், நாம் மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வருவோம்.

> பள்ளிக் கணக்கில் கனச்சதுரத்தின் 'வலை' என்றுதானே படித்தோம். அதையே நீட்டினால் என்ன?

கனச்சதுரம் வரைக்கும் சரி. ஆறு சதுரங்களைச் சேர்த்து 11 விதமாக விரிக்கலாம், 11 வலை என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கணக்கு வகுப்பில் அது இருக்கட்டும், அங்கே போய்ப் பலகையை அழிக்க வேண்டாம். ஆனால் நம் குழுவில் 'வலையில் வலையைப் பதிவேற்றியிருக்கிறேன்' என்று எழுதிப் பாருங்கள். அப்புறம், வலை என்றதும் கண்முன் வருவது கண்ணிகளும் ஓட்டைகளும். நம் கையில் இருப்பதோ வண்ணம் பூசிய முழுத்தோல். விமான உடலின் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முனை வெட்டிய கூம்பு அது, விரித்தால் வளைந்த ஒரு பட்டையாகக் கிடக்கும், அதில் ஜன்னல், ஆணி வரிசை, நாட்டுச் சின்னம் எல்லாம் அச்சாகியிருக்கும். அதை வலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> விரிதாள்! இதைவிட இயல்பான சொல் கிடைக்காது.

ஒத்துக்கொள்கிறேன், கிடைக்காதுதான். ஆனால் கணக்குப்பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள். லிப்ரெஆபீஸ் பக்கம் போனால் வரிசையும் நெடுவரிசையுமாக இருக்கிற ஸ்ப்ரெட்ஷீட்டுக்குப் பெயர் விரிதாள், பாடநூல்களிலும் ஏறி நன்றாக ஊன்றிவிட்டது. பாகங்களின் பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டில் வைத்திருக்கிற நம் ஆட்களே பலர் உண்டு. 'விரிதாளில் உள்ள எண்ணை விரிதாளில் சரிபார்க்கவும்' என்று எழுதும் நிலைமை எனக்கு வேண்டாம். இன்னொருவர் சொன்ன வெட்டொட்டு என்பதும் நல்ல ஓசை, ஆனால் 'வெட்டி ஒட்டியது' என்றாலே அடுத்தவர் எழுத்தைச் சுட்டுப் போட்டது என்று கணினி உலகம் பழக்கிவிட்டது. வடிவமைப்பவர்கள் ஏற்கெனவே தங்கள் தாளைத் திருடிப் பகிர்கிறார்கள் என்று நொந்துபோயிருக்கிறார்கள், அவர்கள் உழைப்புக்கு இந்தப் பெயரா.

அதனால்தான் விரியுரு. விரி, உரு, இரண்டே துண்டு. வினைத்தொகை என்பதால் விரிந்த உரு, விரிகிற உரு, விரியும் உரு என மூன்று காலமும் உள்ளே அடங்கிவிடுகிறது. மென்பொருளில் கனத்தைத் தட்டையாக்கும்போதும் அது பொருந்தும், தாளில் விரிந்து கிடக்கும்போதும் பொருந்தும். விரியுருவை, விரியுருவில், விரியுருக்கள் என்று வேற்றுமையும் பன்மையும் தடங்கல் இல்லாமல் வருகின்றன. மென்பொருளின் பட்டனில் அன்ஃபோல்ட் என்று இருக்கும் இடத்தில் வெறும் 'விரி' போதும், வினையும் பெயரும் ஒரே வேரில் நின்றுவிடும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பேப்பர் மாடலாக ஏற்றுமதி செய்யும் கூடுதல் நிரல் ஒன்று உண்டே, அதற்கு யாராவது தமிழ் இடைமுகம் செய்தால் இது உடனே பயன்படும்.

விரியன் பாம்பு நினைவுக்கு வருகிறது என்று சொன்ன அண்ணாவுக்கு: விரிவுரை கேட்கும்போதும் உங்களுக்குப் பாம்பு வருகிறதா? :)

சொல்லைப் பரிசோதிக்கிற வழி வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பதுதான். 'விரியுருவை 160 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சிடுங்கள்.' 'வெட்டுவதற்கு முன்பே மடிப்புக் கோடுகளில் மை தீர்ந்த ரீஃபிலை ஸ்கேல் வைத்து அழுத்தி ஓட்டுங்கள், வெட்டிய பிறகு செய்தால் சின்ன விரியுரு நழுவும்.' 'குழாயின் விரியுருவை ஒட்டும் முன் பென்சிலில் சுருட்டி வளைவு ஏற்றிக்கொள்ளுங்கள்.' 'விரியுருவின் வெட்டிய விளிம்பில் தெரியும் வெள்ளைக்கு வாட்டர்கலர் தொட்டுக்கொள்ளுங்கள்.' எனக்கு ஒரு இடத்திலும் உறுத்தவில்லை.

> உருண்டைக்கு என்ன செய்வீர்கள்? அதை விரிக்கவே முடியாதே.

நல்ல கேள்வி, இந்த இழையில் வந்ததிலேயே நல்லது. உருளையும் கூம்பும் கிழியாமல் கசங்காமல் தட்டையாகும், கோளம் ஆகாது, எப்படி விரித்தாலும் எங்காவது இழுபடும் அல்லது மடியும். இதை 1827இல் ஜெர்மன் கணித மேதை காஸ் கணிதமாகவே நிறுவிவிட்டார். பேப்பர் மாடல்காரர்கள் அவருக்கு முன்பே இதைச் சுற்றிப் போக வழி கண்டிருந்தார்கள். 1507இல் வரைபடக்காரர் வால்ட்சேமுல்லர் தன் உலக உருண்டையை 12 ஒடுங்கிய இதழ்களாக அச்சிட்டார், அமெரிக்கா என்ற பெயர் ஏறிய முதல் ஆண்டு அது. ஒவ்வொரு இதழும் நடுவில் அகன்று இரண்டு துருவத்திலும் கூராக முடியும், வரிசையாக ஒட்டினால் உருண்டைக்குக் கிட்டத்தட்ட வரும். விமான மூக்குக்கும் ஏவூர்தித் தலைக்கும் இன்றைக்கும் இதே வேலைதான். ஆக கோளத்துக்கும் விரியுரு உண்டு, அது இதழ்களால் ஆன விரியுரு, அவ்வளவே. அந்தத் துண்டுக்கு 'இதழ்' என்பதையே கலைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம், புதிதாக எதையும் சமைக்க வேண்டாம். இதழாக வெட்டாமல் வளையப் பட்டைகளாக அடுக்கும் முறையும் இருக்கிறது, அதற்கும் விரியுரு பொருந்தும்.

பன்முகிகளை, அதாவது தட்டையான பல முகங்கள் கொண்ட கன உருவங்களை, இப்படித் தட்டையாக விரித்து 1525லேயே அச்சில் காட்டியவர் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். கணக்குக்காரர்களிடம் போகும் முன்பே இது ஓவியர்கள், கைவினைக்காரர்கள் கையில் புழங்கிய விஷயம், அதனால் கணக்குச் சொல்லுக்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

இனி அளவு.

> எங்கட பக்கம் பள்ளிக்கூடத்தில அளவிடைப் படம் எண்டுதான் படிச்சனாங்கள். அளவிடை காணாதே?

காணும் அண்ணை, தாராளமாகக் காணும். ஸ்கேல் என்றால் இங்கே அடிக்கோலும் அதுதான், விகிதமும் அதுதான், மேலே ரீஃபில் வாக்கியத்தில் நானே அடிக்கோலுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அளவிடை வந்தால் அந்தக் குழப்பம் போய்விடும். ஜெர்மன் கப்பல்கள் 1:250 அளவிடை, போலந்து விமானங்கள் 1:33, கப்பல்கள் 1:200, டாங்குகள் 1:25 என்று எழுதிக்கொள்ளலாம். பகிரும்போதுதான் இந்தச் சொல் அதிகம் தேவைப்படும். அமெரிக்காவில் வடிவமைத்த கோப்பு லெட்டர் தாளுக்கானது, 216×279 மி.மீ. நம் ஏ4 தாள் 210×297. 'தாளுக்குப் பொருத்து' என்ற அமைப்பு தேர்வாகியிருந்தால் பிரின்டர் வாய் திறக்காமல் சில விழுக்காடு சுருக்கிவிடும். ஒரு பக்கத்தைக் கடையிலும் இன்னொன்றை வீட்டிலும் அச்சிட்டால் உடலும் இறக்கையும் சேராது, காரணமும் லேசில் பிடிபடாது. அதனால் கோப்பைப் பகிர்கிறவர்கள் ஒவ்வொரு விரியுருத் தாளின் ஓரத்திலும் 50 மி.மீ. சோதனைக் கோடு ஒன்று போட்டுவிடுங்கள். 'அளவிடை மாறாமல் அச்சிடுக, கோடு 50 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து பார்க்கவும்' என்ற வரியையும் சேர்த்துவிட்டால் பாதிக் கேள்விகள் குழுவுக்கே வராது.

இதே இடத்தில் இன்னொன்று. 1:33 கோப்பைப் பாதியாக்கி 1:66இல் அச்சிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். படம் பாதியாகும், தாளின் தடிமன் ஆகாது. உள்ளே வைக்கிற 1 மி.மீ. அட்டைச் சட்டங்களுக்கு வெட்டிய பிளவு அரை மி.மீ. ஆகிவிடும், அட்டை அதே 1 மி.மீ.தான், உள்ளே போகாது. பாதி தடிமனில் அட்டை தேட வேண்டும், இல்லையென்றால் பிளவுகளைத் திரும்ப வரைய வேண்டும்.

சில்லறைச் சொற்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மேட்டு மடிப்பு (மடித்த கோடு நம் பக்கம் எழும்புவது), பள்ள மடிப்பு (உள்வாங்குவது) இரண்டிலும் யாருக்கும் மறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அச்சிட்ட பக்கம் நம்மைப் பார்க்கும்போது எது என்பதை மட்டும் குறிப்பில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புள்ளிக்கோட்டுக்கு ஒவ்வொரு வடிவமைப்பாளரும் ஒவ்வொரு பொருள் வைத்திருக்கிறார். பசை தடவுகிற நீட்டலுக்கு 'ஒட்டுக்காது' என்று வந்ததும் ஒட்டுக்கேட்கிற காது என்று கிண்டல் பண்ணினீர்கள், பண்ணுங்கள், ஆனால் சட்டிக்குக் காது இருக்கிறது, நீட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பகுதியைக் காது என்பது நம் வழக்கம்தான். இன்னொருவர் சொன்ன ஒட்டுநாக்கைவிட எனக்கு இதுவே மேல். ஒரு முறை சிரித்தவர் மறக்கவும் மாட்டார்.

மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிப்பதற்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. அச்சகத்தில் அட்டைப்பெட்டி வேலை செய்கிறவர்கள் கிரீசிங் என்கிறார்கள். கீறல் என்றால் பிளேடால் தோலை அறுப்பது போலாகிவிடுகிறது, புதிதாக வருகிறவர் உண்மையிலேயே அறுத்துவிடுவார். 'தடம் போடு' என்று வைத்தால் வெட்டு இல்லை, அழுத்தம் மட்டும் என்பது தெரிகிறது. சிவகாசி நண்பர் இந்த இழையைப் படித்தால், பெட்டி ஒட்டுகிற வீடுகளில் இதற்கு வேறு சொல் புழங்குகிறதா என்று கேட்டு எழுத வேண்டும். அங்கே ஒன்று இருந்தால் என் தடத்தை உடனே கைவிட்டுவிடுகிறேன்.

விரியுருவுக்கு மறுப்பு இருப்பவர்கள், வேர்ச்சொல் ஆராய்ச்சியோடு நிறுத்தாமல், உங்கள் சொல்லை மேலே உள்ள நான்கு செய்முறை வாக்கியங்களிலும் போட்டு அனுப்புங்கள். வலுவான மறுப்பு வராவிட்டால் கலங்கரை விளக்கச் சிற்றுருவுக்கு நான் எழுதிக்கொண்டிருக்கும் செய்முறைக் குறிப்பில் இந்தச் சொற்களையே போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் விரியுருத் தாள்களோடு குழுவுக்கு அனுப்புகிறேன். விக்சனரியில் ஏற்றுவது அதை நாலு பேர் ஒட்டிப் பார்த்த பிறகு.

அன்புடன்