1818 ராமர் பட்டாபிஷேகக் காசு: கம்பெனி நாணயமா, போலியா?

கேள்வி

பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்தது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818’, கூடவே ‘யு.கே.எல்.’ என்று மூன்று எழுத்து. செம்பு நிறம், விட்டம் 30 மி.மீ., எடை 10.92 கிராம். காந்தம் ஒட்டவில்லை. உண்மையான காசுதானா? புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெளியுமா? அரிசியை இழுக்கிறதா என்று சோதிக்க ஒருவர் 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்.

செப்புக்காசு (இதுவும் கீழே வரும் தராசுமுள், வராகன் ஆகியவையும் பதில் சொன்னவர்களின் புனைபெயர்கள்):

முதலில் புளி, எலுமிச்சை, சாம்பல் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். செம்பின் மேல் படிந்திருக்கும் களிம்புதான் காசின் வயதுக்குச் சாட்சி. புளிப்பு அதைக் கரைத்துவிடும், திரும்ப வராது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு இரவு ஊறவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெல்ல நெம்புங்கள். துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

இனி காசு. கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் அடிக்கத் தொடங்கியது 1835-இல். அப்போது செம்பில் வந்தவை அரை அணா, கால் அணா, அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான பை. அவற்றில் இருப்பது கம்பெனியின் சிங்க முத்திரை, சாமி படம் கிடையாது. எடையும் கறார்: அரை அணா 12.95 கிராம், கால் அணா 6.47. ஓரம் வளைந்து வளைந்து பூப்போல இருக்கும் நிக்கல் கலந்த ஒரு அணா வந்ததே 1907-இல், எட்வர்ட் மன்னர் காலத்தில். ஆகவே உங்கள் காசு எந்த வரிசையிலும் உட்காரவில்லை.

தராசுமுள்:

உலோகம் எது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அளவைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது காட்டும் எண்ணால் 10.92-ஐ வகுங்கள். செம்பு என்றால் 8.9-ஐ ஒட்டி வரும், பித்தளை 8.4 முதல் 8.7 வரை.

சின்ன காசில் வித்தியாசம் நூலிழைதான்: தராசு காட்டும் எண் செம்புக்கு 1.22, பித்தளைக்கு 1.30. காசில் ஒரு நீர்க்குமிழி ஒட்டியிருந்தாலே கணக்கு தவறும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு மூன்று முறை எடுங்கள். அடியில் பட்டால் எண் எகிறிவிடும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேட்டவர்:

மூன்று முறையும் 1.30, 1.31, 1.30. லென்ஸில் பார்த்தால் அனுமார் முழங்காலிலும் விளிம்பிலும் செம்பு நிறம் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. எழுத்துகளின் முனை மழுங்கி, சுற்றிலும் பொடிப்பொடியாகக் குழி.

வராகன்:

அப்படியானால் பித்தளைக்குச் செம்பு முலாம். பொடிக் குழியும் மழுங்கிய முனையும் வார்ப்பின் அடையாளம். அச்சில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் வெட்டினாற்போல் நிற்கும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாமி உருவம் இருப்பதாலேயே போலி என்று ஒதுக்கக் கூடாது. சென்னையில் கம்பெனியே பெருமாளும் இரு தேவியரும் நிற்கும் வராகன் என்ற பொன் நாணயத்தை அடித்தது. வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள், தமிழ் எழுத்தும் உண்டு. ஆனால் அவற்றின் கணக்கு வராகன், பணம், காசு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818 என்பது சென்னை ராஜதானி வராகனை விட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறிய ஆண்டு. ராமர் போட்ட அணா அன்று எந்த நாணயச்சாலையிலும் அடிக்கப்படவில்லை. உங்களுடையது பூஜைக்கும் நினைவுக்கும் விற்கும் வில்லை, பழங்காசு விலை கிடைக்காது.

முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அரிசி இழுக்கும் காசு என்பது அப்பட்டமான மோசடி. அரிசியில் இரும்புத் தூளைப் பூசிவிட்டு, காசிலோ அதன் அடியிலோ காந்தத்தை ஒளித்துவைப்பார்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வீட்டு அரிசியை, உங்கள் தட்டில் நீங்களே வைத்துப் பாருங்கள், ஒரு மணியும் அசையாது.

வீட்டைப் பிரிக்கும்போது உண்மையான பழங்காசு ஏதும் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மண்ணில் புதைந்தது மட்டுமல்ல, மண்ணோடு பிணைந்த சுவரில் ஒளிந்திருந்ததும் அதில் அடக்கம். மிச்சச் சுவரை இடிக்கும்போது உத்தரக் குழிகளைக் கையால் துழாவிவிட்டுப் பிறகு கடப்பாரை போடச் சொல்லுங்கள்.