மறுமொழி: உலையின் பாதுகாப்பும் முறைமையின் பாதுகாப்பும்

தொகுப்பாளர், மட்டக்களப்பு:
அன்புடையீர், வணக்கம். உயர்தரத் தொழினுட்பப் பிரிவு மாணவர்க்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு முறைமைகளைப் பற்றிய இயலில் ‘பாதுகாப்பு’ என்னும் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது: உலை விபத்துக்குள்ளாகாமல் பேணுவதும் அதுவே, முறைமைக்குள் வெளியார் நுழையாமல் தடுப்பதும் அதுவே. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் ஸ்லாமர் என்னும் கணினிப் புழு, ஒப்பந்தகாரர் ஒருவரின் இணைப்பு வழியே நுழைந்து, நிறுத்திவைக்கப்பட்டிருந்த உலையின் பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரையை ஏறத்தாழ 5 மணிநேரம் முடக்கியது. இதைப் ‘பாதுகாப்புக் குறைபாட்டால் பாதுகாப்புத் திரை முடங்கியது’ என்று எழுதி எப்படி அச்சுக்குக் கொடுப்பது?

அன்பர், கல்முனை:
பாதுகாப்பைக் குறிக்கும் ‘ஏமம்’ என்னும் பழஞ்சொல் இருக்கையில் தவிப்பானேன்? ‘எழுமையும் ஏமாப் புடைத்து’ என்று மாணவர் மனனம் செய்த குறளிலேயே வழி இருக்கிறது. உலைக்கு ஏமம், முறைமைக்கு அரண் என வகுக்கலாம். ‘இணையப் பாதுகாப்பு’ என்பதை மட்டும் ஏற்கலாகாது. ஈரானின் நடான்ஸ் ஆலையில் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையநீக்கிகளின் சுழற்சி வேகத்தைக் குலைத்துச் சேதப்படுத்திய ஸ்டக்ஸ்நெட் என்னும் கணினிப் புழு, இணையத் தொடர்பே இல்லாத கணினிகளுக்கும் பென்டிரைவ் வழியே தாவும்படி எழுதப்பட்டிருந்தது 2010 இல் அம்பலமாயிற்று. ஏமம், ஏமாப்பு, ஏமாற்றம் ஆகியவை ஒரே அடியிற் கிளைத்தவை என்பதும், ஏமம் க்ஷேமத்தின் திரிபன்று என்பதும் என் துணிபு. விரிவை நாளை எழுதுவேன்.

உறுப்பினர், வந்தாறுமூலை:
ஐயா, நாளை வேண்டாம். ஏமம் என்றதும் வகுப்பில் மாணவர் காதில் விழப்போவது ஏமாற்றந்தான். வயல் வட்டையில் வரம்பு உடையாமல் பார்ப்பது ஒன்று, யானை இறங்காமல் பரணில் விழித்திருப்பது இன்னொன்று. பின்னதைக் காவல் என்றே எவரும் சொல்வர். தமிழகத்தில் காவல்துறை அச்சொல்லைப் பிடித்துக்கொண்டது. நமக்குப் பொலிஸ் பொலிஸாகவே இருப்பதால் காவல் சும்மா கிடக்கிறது. 2019 இல் கூடங்குளத்தில் நச்சுநிரல் காணப்பட்டது நிர்வாக வலையமைப்பிலிருந்த ஒரு கணினியில். உலைக் கட்டுப்பாடு தனித்திருந்ததாக இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. ‘நிர்வாகக் கணினியில் காவல் தவறியது, உலையின் பாதுகாப்புக் குலையவில்லை’ என்று அதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம்.

தொகுப்பாளர்:
பெரும்பாலோர் இசைந்ததாலும், அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டதாலும், ‘முறைமைக் காவல்’ என்றே அச்சேறுகிறது.

அன்பர், கல்முனை:
காவலுக்கு ஆள் வேண்டும், அரணுக்கு வேண்டியதில்லை. தரவை நிலையத்திலிருந்து வெளியே விட்டு, உள்ளே எதையும் வரவிடாத ஒருவழிக் கருவி ஆளின்றியே தடுக்கிறது. அதைக் காவல் என்பதற்கு நான் உடன்படவில்லை என்பது பதிவாகட்டும்.